ஓடுவது தெரியாத பெட்டி

மடியில் வைத்திருக்கிறீர்களே, அது கம்ப்யூட்டர்தானே? நினைத்தேன். அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. என் மேல் பட வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் எவனோ வாந்தி எடுத்துவிட்டுப் போயிருக்கிறான் பாருங்கள், அதன் பக்கத்தில்கூட உட்கார்ந்துவிடுவேன். இந்தச் சாமான் மேலே பட்டால்தான் எனக்குக் குமட்டுகிறது.

என்ன சொன்னீர்கள்? சரி, விடுங்கள். நீங்கள் தலையாட்டினால் போதும். இந்த பஸ் இரைச்சலில் நீங்கள் பேசி எனக்கு எங்கே கேட்கப்போகிறது? இந்தக் காலத்து ஆட்களுக்குத் தொண்டையே கிடையாது. எல்லோரும் உதட்டுக்குள்ளேயே பேசுகிறார்கள். நான் கத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். எஞ்சின் அப்படி. இதோ, இந்த முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பாருங்கள். அதிர்கிறதா? ஒரு பக்கமாக உதறுகிறது. எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் போய்விட்டது, மாற்றாமல் ஓட்டுகிறான் படுபாவி. நாற்பத்தோரு வருஷம் உசிலம்பட்டியில் மாவு மில் ஓட்டினவன் நான். எந்த மெஷினையும் காதால் பார்க்க மாட்டேன், கையால்தான் பார்ப்பேன். ஒச்சப்பன் கை வைத்தால் மோட்டார் தன் நோவைச் சொல்லிவிடும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மதுரைக்குத்தான் போகிறேன். காது டாக்டரிடம். அப்படிப் பார்க்காதீர்கள், எனக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்று ஒரு சீட்டு எழுதி வாங்கத்தான் போகிறேன். அதைக் கொண்டுபோய் என் மகன் மூஞ்சிக்கு நேராக நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகை பிறந்ததும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தனி வீடு போகிறானாம். ஒரே மகன். அவன் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் பல்லியும்தான். எல்லாம் ஒரு பெட்டியால் வந்தது தம்பி. சத்தமே போடாத ஒரு பெட்டி. த்தூ.

மகன் பெயர் செகதீசன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மருமகள் வினோதினி, திருச்சிப் பக்கம். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை தெரியுமா? புத்தகம் படிக்கிற வேலை. பள்ளிக்கூடப் பாடத்தை வாய்விட்டுப் படித்து, கம்ப்யூட்டரில் பதிந்து, சென்னைக்கு அனுப்புவாள். கண் தெரியாத பிள்ளைகள் அதைக் கேட்டுப் படிக்குமாம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாய்விட்டுப் படிக்கிறேன் என்று சொல்கிறவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் வெளியே வராது. நானும் கதவில் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. படிக்கிறாளா தூங்குகிறாளா, யாருக்குத் தெரியும்?

என்னிடமும் அப்படித்தான். முன்னால் வந்து நிற்பாள். உதட்டை அசைப்பாள். "என்னம்மா சொன்ன?" என்று கேட்டால் இன்னொரு தடவை அசைப்பாள். மூன்றாவது தடவை கேட்க எனக்கென்ன தலையெழுத்தா? "சரி சரி" என்று சொல்லிவிடுவேன். அப்புறம் பார்த்தால், நான் சரி என்றது மத்தியானச் சோற்றுக்கா, அவள் அம்மா வந்து பத்து நாள் தங்குவதற்கா என்று எனக்கே தெரியாது. மாமனாருக்கு வாயைத் திறந்து பதில் சொல்வதை அவ்வளவு கேவலமாக நினைக்கிறாள்.

போன தையில் சென்னைக்காரன் அவள் அனுப்பியதை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டான். பின்னால் இரைச்சல் கேட்கிறதாம். செகதீசன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் ஃபேன்தான். இந்தச் சத்தத்துல எப்படிப் பேசுவா?" என்றான்.

நானும் குனிந்து, மேஜையின் அடித்தட்டில் இருந்த பெட்டி மேல் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை தம்பி. கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

"எங்கடா சத்தம்?"

"கேக்கலையாப்பா உங்களுக்கு?"

"இருந்தாத்தானே கேக்கும்?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆனாலும் பெற்ற பாசம். கையை வைத்துப் பார்த்தேன், லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வு மேஜைக்குப் போகும், மேஜையிலிருந்து அவள் பேசுகிற மைக்குக்குப் போகும். இது தெரியாதா எனக்கு? பழைய சைக்கிள் டியூபை மடித்து நாலு துண்டு வெட்டி, பெட்டியின் நாலு காலுக்கும் அடியில் கொடுத்தேன். "பாதி குறைஞ்சிருச்சுப்பா!" என்று குதித்தான் செகதீசன். அவள்கூடச் சிரித்தாள். அந்த ஒரு நாள்தான் அந்த வீட்டில் எனக்கு மரியாதை இருந்தது.

பாதி போதாதாம். அதற்குப் பிறகு பிடித்தது பாருங்கள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். சின்ன ஃபேனைக் கழற்றிவிட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ஃபேன் போட்டான், மெதுவாகச் சுற்றுமாம். உள்ளே சுற்றுகிற தட்டு ஒன்று இருந்தது, அதை ரப்பர் கயிற்றில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டான். மெஷினுக்குத் தொட்டில்! கல்யாணமாகி நாலு வருஷம், வீட்டில் கட்ட வேண்டிய தொட்டிலைக் காணோம், இவன் அதற்குக் கட்டுகிறான். கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு புதுப் பெட்டியை வரவழைத்தான். கறுப்பாக, பிணக் கனம். இரண்டு பக்கமும் வரிவரியாகத் தகடு, கருவாட்டு முள் மாதிரி.

"இதுல ஃபேனே கிடையாதுப்பா. சுத்துற சாமானே ஒண்ணும் கிடையாது."

"சுத்தாம எப்படிடா ஓடும்?"

"ஓடும்."

"சூடு எங்கடா போகும்?"

"இந்தத் தகடு வழியா வெளிய போயிரும். காத்துப் பட்டாப் போதும்."

ஓட விட்டுக் காட்டினான். கையை வைத்தேன். சீ! செத்ததைத் தொட்ட மாதிரி இருந்தது. துளி அதிர்வு இல்லை. ஆனால் வெதுவெதுப்பாக இருக்கிறது. உயிர் போய் அரை நாழிகை ஆன உடம்பு அப்படித்தான் இருக்கும். ஓடுகிற மெஷின் ஓடுகிறேன் என்று சொல்ல வேண்டாமா தம்பி? சத்தமில்லாமல் காரியம் பார்க்கிறதை எங்கள் பக்கம் திருட்டு என்போம்.

நான் வெட்டிக் கொடுத்த ரப்பர் துண்டுகளைக் காணோம். தேடினேன். குப்பையில் போட்டிருப்பாள், வேறு யார்? கேட்கவில்லை. கேட்டால் உதட்டை அசைப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். எப்போதாவது தனியாக இருக்கிறபோது, வாயோடு வாயாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

வண்டி நின்றுவிட்டது போல. ரயில்வே கேட் போட்டிருப்பான். நின்றாலும் எஞ்சினை அணைக்கிறானா பாருங்கள்! டீசல் என்ன இவன் அப்பன் வீட்டுச் சொத்தா? ஒரே இரைச்சல், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி. இருங்கள், இந்தச் சம்புடத்தைப் பைக்குள் வைக்கிறேன், கையில் எண்ணெய் வழிகிறது. எலுமிச்சம்பழச் சோறு. அவள் கட்டிக் கொடுத்ததுதான். உப்பு சரியாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. இந்தச் சீட்டும் அவள் எழுதியதுதான், பிடியுங்கள். எங்கே இறங்க வேண்டும், டாக்டர் பேர் என்ன, எத்தனை மணிக்கு. எழுத்து எவ்வளவு பெரிசு பாருங்கள், சுவரில் எழுதுகிற மாதிரி. நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன் என்பதை இப்படிக் குத்திக் காட்டுகிறாள்.

என்ன? முன் சீட்டு அம்மாள் எதற்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்? பார்க்கட்டும். நியாயத்தைத்தானே பேசுகிறேன்.

எங்கே விட்டேன்? ஆமாம், பெட்டி வாயை மூடிவிட்டது. சரி, இனிமேல் நிம்மதி என்றுதானே நினைப்போம்? அப்போதுதான் தம்பி வினை ஆரம்பித்தது. ஃபேன் சத்தம் போனதும் அதற்கு அடியில் இருந்த சத்தமெல்லாம் தெரிய ஆரம்பித்ததாம். ஒரு வாரம் கழித்து செகதீசன் வந்து, "அப்பா, டிவிய கொஞ்சம் கம்மியா வைங்க" என்றான். வைத்தேன். அடுத்த வாரம் டிவியையே பின்கட்டுக்கு மாற்றிவிட்டான். அப்புறம், "அப்பா, போன்ல மெதுவாப் பேசுங்க." அப்புறம், "அப்பா, காலைல அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் பேசாம இருங்க, அவ பதிவு பண்ணணும்." பேசாம இருங்க! என் வீட்டில்! மெஷினுக்கு வாயைக் கட்டின கயிற்றை அப்படியே என் வாய்க்குக் கொண்டுவருகிறான்.

இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ஐந்து மணிக்கு எழுந்தால் எட்டு மணி வரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். முணுமுணுப்பதைத் தவிர.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். இதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

மில் இருந்த நாளில் ஆயுத பூஜை என்றால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாது. அன்று ஒரு நாள் அதற்கும் ஓய்வு. கழுவித் துடைத்து, திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, புதுத் துண்டு கட்டி, மாலை போட்டு, சாம்பிராணி காட்டுவேன். மில்லைக் கொடுத்த பிறகும் விடவில்லை. மிக்ஸி, கிரைண்டர், செகதீசன் பைக், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். போன வருஷம் பழைய கம்ப்யூட்டருக்கும் வைத்தேன்.

அன்றைக்கு அவன் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அவள் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போனேன். திரை கறுப்பாக இருந்தது. இருந்தாலும், முறை என்று ஒன்று இருக்கிறதே, பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. வெதுவெதுப்பு இருந்தது, கிழக்கு ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அணைந்திருக்கிறது, நல்லது, இதுகளுக்கும் சாஸ்திரம் தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன்.

மெச்சிக்கொண்டு, வருத்தத்தையெல்லாம் மறந்து, மனசார வைத்தேன் தம்பி. வெறும் பொட்டு வைக்கவில்லை. தகடு தகடாக இருக்கிறதே, ஒவ்வொரு தகட்டுக்கும் திருநீறு. இடைவெளியெல்லாம் சந்தனம். ஒரு கிண்ணச் சந்தனம் போயிற்று. கெட்டியாகத்தான் கரைத்திருந்தேன், கொஞ்சம் பின்னால் வழிந்தது, ஒயர் சொருகுகிற இடத்தில். துடைத்தேன். சிவப்புத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் கதம்ப மாலை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. என் மில்லில் அரவை மெஷினுக்குக்கூட அப்படி ஜோடித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. சாம்பிராணி என்று நினைத்தேன்.

அவள் சுண்டல் தட்டோடு வந்தாள். பார்த்தாள். தட்டு கீழே விழுந்தது. "மாமா! அது ஓடிக்கிட்டு இருந்துச்சு மாமா!"

நாலு வருஷத்தில் அவள் பேசி முழுசாக எனக்குக் கேட்டது அது ஒன்றுதான். அப்படியென்றால் இவளால் முடியும்! இத்தனை நாளும் வேண்டுமென்றே அடக்கி வாசித்திருக்கிறாள், பார்த்தீர்களா?

அவள் படித்து முடித்த ஆறு புத்தகத்தையும் கோத்துச் சென்னைக்கு அனுப்ப அந்தப் பெட்டி வேலை செய்துகொண்டிருந்ததாம். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டுமாம். இவர்கள் ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினை ஓட விடுவார்கள், அது தப்பில்லை. நான் பூஜை போட்டதுதான் தப்பு. உள்ளே சூடு ஏறி அணைந்துவிட்டது. வழிந்த சந்தனத்தில் எதுவோ ஒன்று போய்விட்டது. செகதீசன் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தனம் சுரண்டினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். அவள் படித்ததெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது, கெடு மட்டும் போய்விட்டது. சென்னைக்காரன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். அவள் அழுதாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன், அதற்கும் சத்தம் கிடையாது, தோள் மட்டும் ஆடியது.

மூன்றாம் நாள் பெட்டி உயிர் பிழைத்தது. செகதீசன் என்னை அறைக்குள் கூப்பிட்டு அவள் நாற்காலியில் உட்காரவைத்தான். பாட்டுக் கேட்க மாட்டுவார்களே, காதில் அந்தக் கிண்ணங்களை மாட்டினான். அவள் வியர்வைப் பிசுக்கு அதில் இருந்தது, எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு குமிழைத் திருகிக்கொண்டே போனான்.

கேட்டது தம்பி.

நல்ல குரல். பொய் சொல்லக் கூடாது. நிறுத்தி, நிதானமாக, ஒரு எழுத்து சிதறாமல். தூக்கணாங்குருவி கூடு கட்டுகிற பாடம். எப்படிப் புல்லைக் கிழிக்கிறது, எப்படி முடிச்சுப் போடுகிறது என்று, நான் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இவளா, இந்த வாயா என்று நினைத்தேன்.

அதற்குப் பின்னால் ஒரு ஆள் கத்துகிறான். "குப்பையில போட்டுட்டாடா! என் ரப்பர குப்பையில போட்டுட்டா! ஊமச்சி! வயித்துல ஒரு புழு பூச்சிக்கு வழியக் காணோம், ஊருப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறாளாம்!"

"யாருடா இந்தக் காட்டுப்பயல்?" என்று கேட்டேன்.

செகதீசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் குரல் அப்படியா இருக்கும்? நீங்களே சொல்லுங்கள். அது நான் இல்லை என்றேன். நான் சொன்ன வார்த்தைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் முணுமுணுத்தது. அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். எழுதிக் காட்டினான் தம்பி, என் மகன், எனக்கு. 'நீங்க முணுமுணுக்கல. தெரு முனை வரைக்கும் கேக்குது.' எழுத்துக் கூட்டி வாசித்தேன். அடுத்த தாள்: 'அஞ்சு மாசமா அவ உங்க குரல ஒவ்வொரு இடமா வெட்டி எடுத்துட்டுத்தான் அனுப்புறா. எடுக்கறதுக்கு எல்லாத்தையும் கேட்டாகணும்.'

எல்லாத்தையும் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை விடாமல். ஐந்து மாசமாக, காதில் அந்தக் கிண்ணத்தை மாட்டிக்கொண்டு, நான் தனியாகப் பேசியதை எல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வெளியே வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். இதற்குப் பெயர் ஒட்டுக் கேட்பது இல்லையா? எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. குளிக்கிறபோது யாரோ பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

இன்னொன்று கேளுங்கள். எழுந்திருக்கிறபோது மேஜை மேல் கை ஊன்றினேன். அவள் மைக்குக்குக் காலடியில் என்ன இருந்தது தெரியுமா? சைக்கிள் டியூப். நான் வெட்டிய நாலு துண்டு. மூலை மழுங்கலாக வெட்டுவது என் வழக்கம், எனக்குத் தெரியாதா? குப்பையில் போடவில்லை, எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சொல்லியிருப்பாளோ? சொல்லியிருக்கலாம். வந்து நின்று உதட்டை அசைத்திருப்பாள், நான் சரி சரி என்றிருப்பேன்.

கடைசித் தாளில் எழுதினான்: 'கார்த்திகைக்குள்ள காதைக் காட்டுங்க. இல்லன்னா நாங்க தனியாப் போறோம், வீடு பாத்தாச்சு.' அதுதான் இந்தப் பிரயாணம். குறை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் இருக்கிறது.

இந்தக் கண்டக்டர் எதற்கு என்னைப் பார்த்துக் கையைக் கீழே கீழே தட்டுகிறான்? டிக்கெட் வாங்கியாகிவிட்டதப்பா! என்னவாம் அவனுக்கு? அந்த அம்மாள் இப்போது முழுசாகவே திரும்பி உட்கார்ந்துவிட்டாள். பின்னால்... பின்னாலும் எல்லோரும் என்னையேதான் பார்க்கிறார்கள். என்ன தம்பி இது? எஞ்சின் இரைச்சலில் இவ்வளவு பேருக்கா கேட்கிறது?

இருங்கள். கையைத் துடைத்துக்கொள்கிறேன்.

கம்பி அதிரவில்லையே.

இந்தக் கம்பி? இதுவும் இல்லை. காலடித் தகடும் இல்லை.

தம்பி, எஞ்சின் ஓடவில்லையா?

தலையாட்டாதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். இங்கே, காதுக்குள். எப்போது அணைத்தான்? கேட்டில் நின்ற உடனேயா? அப்படியென்றால் இந்த இரைச்சல்? இதோ கேட்கிறதே, உர்ரென்று. உங்களுக்குக் கேட்கவில்லையா? ஒருத்தருக்குமா?

அப்போதிலிருந்து நான் சொன்னதெல்லாம்... அவள் வயிற்றைப் பற்றிச் சொன்னதும்...

இப்போது நான் மெதுவாகத்தானே பேசுகிறேன்? சொல்லுங்கள் தம்பி. மெதுவாகவா, சத்தமாகவா? நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டைக் கொடுங்கள். கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறேன். எழுத்து பெரிசாக இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான். நான் மறந்தால் இறங்கும் இடத்தில் என் தோளைத் தொடுங்கள்.

இதோ, கை கம்பியில்தான் இருக்கிறது. இது அதிர்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.